பத்தாயிரம் ரூபாய் கிட்டார்: நான் ஏன் எஃப்310 பக்கம்

முதல் கிட்டார் வாங்கப் போகிறவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. இணையக் கடைகளில் மூவாயிரம், நாலாயிரத்துக்குப் பை, பெல்ட், பிக், உதிரிக் கம்பி எல்லாம் சேர்த்தே ஒரு கிட்டார் வந்துவிடும். பத்தாயிரத்தை ஒட்டி யமஹா எஃப்310, ஃபென்டர் எஃப்ஏ-125 வகையறா இருக்கின்றன. இருபதாயிரத்தை நெருங்கினால் யமஹா எஃப்ஜி800, ஃபென்டர் சிடி-60எஸ் போன்ற சாலிட் டாப், அதாவது முன்பலகை முழு மரத்தாலான கிட்டார்கள். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது எஃப்310. திருவான்மியூரில், கடற்காற்று நேராக வரும் வீட்டில் வைத்து வாசிக்கிறேன். அதனால் என் கட்சி எது என்பதை மறைக்கப் போவதில்லை.

சத்தத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். சாலிட் டாப்பில் ஒலி விரிந்து நிற்கும், நாலாயிரம் ரூபாய் கிட்டாரில் சட்டென்று அடங்கிவிடும், எஃப்310 நடுவில் இருக்கிறது. நிறம், பளபளப்பு, உடலின் ஓரத்தில் வெட்டிய வளைவான கட்அவே எல்லாம் அவரவர் ஆசை. நான் நிறுத்திப் பேச வேண்டியது ஒரே விஷயம்தான்: ஆக்‌ஷன். அதாவது கம்பிக்கும், கிட்டாரின் நீண்ட கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள உயரம்.

கிட்டார் கற்க ஆரம்பித்தவர்கள் நடுவில் விட்டுவிட விரல் வலியும் ஒரு பெரிய காரணம். அந்த வலியில் பாதி பழக்கமின்மை, மீதி ஆக்‌ஷன். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பி இரண்டு மில்லிமீட்டர் என்று இருந்தால் வாசிக்கச் சுகம். மூன்றரை, நாலு என்று போனால் ஏழு வயதுக் குழந்தைக்கு மட்டுமல்ல, எனக்கே எஃப் கார்டைப் பிடிக்க வராது. வலியோடு சுருதியும் போகும். உயரத்தில் நிற்கும் கம்பியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. திறந்த கம்பிகள் டியூனரில் பச்சை காட்டும், நாலு ஃப்ரெட் மேலே போனால் எல்லாம் பிசகும். கற்றுக்கொள்கிற பிள்ளை தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்ளும்.

இந்த உயரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பிகள் தலைப்பக்கம் அமரும் நட், உடல் பக்கம் அமரும் சேடில், நெக்கின் வளைவு. முதல் இரண்டையும் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். நெக் அப்படியில்லை. 12 கேஜ் என்ற தடிமன் கொண்ட கம்பிகள் ஆறும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கத்தான் நெக்குக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி போகிறது. அது ஒழுங்காக வேலை செய்தால் கால் திருகு திருகி வளைவைச் சரிசெய்யலாம். மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் சிக்கல் இங்கேதான். சிலவற்றில் ராடே கிடையாது, சிலவற்றில் பெயருக்கு இருக்கும், திருகினால் ஒன்றும் நடக்காது.

அக்கா மகனுக்கு வந்த முதல் கிட்டார் அந்த ரகம். பெயர் வேண்டாம். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கோடை கழிந்ததும் நெக் முன்னோக்கி வளைந்து, ஆக்‌ஷன் நாலு மில்லிமீட்டரைத் தொட்டது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனோம். திருகிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். நெக்கைச் சூடுபடுத்தி நிமிர்த்தலாம், ஆனால் கூலி கிட்டார் விலையைத் தாண்டிவிடும் என்றார். அவன் இப்போது கீபோர்டு வாசிக்கிறான், அது வேறு கதை.

எஃப்310-ஐயும் அப்படியே எடுத்து வாசித்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். இந்த விலைக்கு வரும் எந்தக் கிட்டாரும் ஆலையிலிருந்து சற்று உயர்ந்த ஆக்‌ஷனோடுதான் வரும். வித்தியாசம் என்னவென்றால், இதைச் சரிசெய்ய முடியும். ராட் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டில் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் சரி. அப்புறம் சேடில். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். உப்புத்தாளும் பொறுமையும் போதும். கை நடுங்கினால் கடையில் செட்டப் செய்யச் சொல்லிவிடலாம், ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். கிட்டார் பட்ஜெட்டிலேயே அந்த ஆயிரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்310-க்கு இன்னொரு சாதகம் உண்டு. நட்டிலிருந்து சேடில்வரை இதன் கம்பி நீளம் 634 மில்லிமீட்டர், எஃப்ஜி800-இல் 650. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இதில் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறைவு, ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருக்கம். 12 கேஜைக் கழற்றிவிட்டு 11 மாட்டினால் விரலுக்கு இன்னும் இதம்.

சரி, காசு இருந்தால் சாலிட் டாப்புக்கே போகலாமே? எஃப்ஜி வரிசை 1966-இலிருந்து வருகிறது, எஃப்ஜி800-இன் பெயர் சும்மா வரவில்லை. கடையில் வாசித்தபோது எனக்கும் மனசு அலைபாய்ந்தது. ஆனால் முழு மரப் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், மழைக்காலத்தில் நிலையில் சிக்கிக்கொள்ளும் மரக்கதவைப் போல. சாலிட் டாப்புக்குக் காற்றில் ஈரப்பதம் 45-இலிருந்து 55 சதவீதம்வரை இருப்பது நல்லது என்பார்கள். சென்னையில் அது 70-ஐத் தாண்டுவது சாதாரணம். பகலில் கடற்காற்று, இரவில் ஏசி என்று மாறி மாறிப் படும்போது பலகை இரண்டு பக்கமும் அலைகிறது. நண்பர் ஒருவரின் சாலிட் டாப்பில் ஐப்பசி மழை வந்தால், சேடில் பொருந்தியிருக்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேடு தட்டும், ஆக்‌ஷன் ஏறும். தை பிறந்தால் தானே இறங்கும். அவர் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டும் சின்ன ஈரமானியும் வைத்துப் பராமரிக்கிறார். அவருக்கு அது பிடித்திருக்கிறது. எஃப்310-இன் முன்பலகை லேமினேட், மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. அதனால் அவ்வளவு சுலபத்தில் அசையாது. ஒலியில் கொஞ்சம் இழக்கிறோம், சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். கடலோரத்தில் கம்பி மட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து வையுங்கள்.

எஃப்ஏ-125 பார்க்க அழகு, நெக் ஒல்லியாகக் கைக்கு அடங்குகிறது. கடையில் அரைமணி நேரம் வாசித்ததோடு சரி, வருடக்கணக்கில் எப்படி நிற்கிறது என்று வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். யமஹாவின் எஃப்280 இன்னும் மலிவு. அதையும் தள்ளிவிட மாட்டேன், ஆனால் வாங்குவதற்கு முன் அதே நெக் சோதனையைச் செய்யுங்கள். திரும்ப விற்கும்போது யமஹா பெயருக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கிறது, நாலாயிரம் ரூபாய் கிட்டாரை இலவசமாகக் கொடுக்கவும் ஆள் தேட வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் விடாமல் வாசித்து, இனி விட மாட்டேன் என்று தெரிந்தவர்கள் தாராளமாக எஃப்ஜி800-க்குப் போகலாம். மற்றவர்களுக்குப் பழைய எஃப்310 ஒன்று நல்ல விலையில் கிடைத்தால் அதுகூடப் போதும். அப்படிப் பார்க்கப் போகும்போது ஒரு துண்டுக் காகிதம் கொண்டுபோங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் அதை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.