போட் எக்ஸாஸ்ட் எல்போ – 9 வருஷம் ஓட்டுனதுல பார்த்தது

எங்க போட் தூத்துக்குடில ஓடுது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், புகையோட கடல்தண்ணி கலந்து பின்பக்கமா வெளிய போற செட்டப். அந்தப் புகையும் தண்ணியும் ஒண்ணு சேர்ற வளைஞ்ச குழாயத்தான் எல்போன்னு சொல்றோம். இந்த 9 வருஷத்துல இப்ப ஓடுறது மூணாவது எல்போ, நடுவுல ஒரு தடவ இன்ஜினயே பிரிக்க வேண்டியதாப் போச்சு, அந்தச் செலவு வேற யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

மொதல்ல இருந்தது வார்ப்பிரும்பு. வெளிய பெயிண்ட் அடிச்சு புதுசு மாதிரியே இருந்துச்சு, நானும் 5 வருஷம் கழட்டவே இல்ல. ஒருநா விடியக்காலம் கடலுக்குக் கிளம்புறப்ப ஸ்டார்ட்டர் அடிச்சா "டக்"குனு ஒரே சத்தம், அதோட நின்னுடுச்சு. பேட்டரி வீக்குன்னு நெனச்சு வேற பேட்டரி போட்டு மறுபடி அடிச்சோம், அதத்தான் செஞ்சிருக்கவே கூடாது. ஃபிட்டர் அண்ணாச்சி வந்து இன்ஜெக்டர எல்லாம் கழட்டிட்டு ஃப்ளைவீல கையால திருப்புனாரு, கடைசி சிலிண்டர்ல இருந்து தண்ணி பீச்சி அடிக்குது. விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டு "உப்பு தம்பி, எல்போதான்"னாரு. இன்ஜினுக்குள்ள சுத்துறது நல்லதண்ணி, அது வந்திருந்தா ஹெட் கேஸ்கெட்ட, அதாவது சிலிண்டர் மேல மூடிக்கு நடுவுல இருக்கிற அடைப்புத் தகட்டப் பார்க்கணும், உப்புன்னா புகை போற வழியா திரும்பி வந்திருக்கு.

கழட்டிப் பார்த்தா உள்சுவர்ல குண்டூசி நுழையுற அளவு ஓட்டை, கரியும் உப்பும் இறுகி பாதி வழி அடைச்சுக் கெடக்கு. ராத்திரி பூரா தண்ணி சொட்டுச் சொட்டா எக்ஸாஸ்ட் வால்வு வழியா சிலிண்டருக்குள்ள எறங்கியிருக்கு. தண்ணிய அமுக்க முடியாதுல்ல, ரெண்டாவது தடவ அடிச்சதுல பிஸ்டனப் புடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு.

அடுத்து லோக்கல் பட்டறைல 304ங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வெல்டிங் பண்ணி மாட்டுனேன், ரெண்டே வருஷத்துல வெல்டிங் ஓரமாவே கசிய ஆரம்பிச்சுது. சூடான உப்புத்தண்ணிக்கு 304 தாங்காது, மாலிப்டினம் சேர்ந்த 316எல் தான் வேணும், "எல்"னா கார்பன் கம்மி, அதனால வெல்டிங் பக்கத்துல அரிப்பு சீக்கிரம் புடிக்காது. இப்ப மாட்டியிருக்கிறது அதுதான். வெல கேக்குறப்ப ஜாஸ்தியாத்தான் தெரியும், ஆனா என் கணக்குக்கு அது கட்டுது.

மாத்தணும்னு எல்போ முன்னாடியே சொல்லும், நாமதான் கவனிக்கிறதில்ல. பின்னாடி தண்ணி வழக்கமா கொட்டுற அளவு கொறஞ்சு ஆவியா வருதா, லோடு ஏத்துனா மட்டும் டெம்பரேச்சர் ஏறுதா, புகை கருப்பா தள்ளுதா, ஒடனே எல்போவப் பாருங்க. எங்களுக்கு ரெண்டு மாசமா கரும்புகை வந்துச்சு, டீசல் சரியில்லன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டோம். கேஸ்கெட் ஓரத்துல துரு வழிஞ்ச கோடு, வெள்ளையா உப்புப் படிவு இருந்தாலும் விடாதீங்க. இன்ஜின் ரூம் மேல்பலகைல கரி படிஞ்சிருந்தா அது ரொம்ப சீரியஸ், புகை உள்ள வருதுன்னு அர்த்தம், அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது. கேபின்ல படுத்திருக்கிற பசங்க தலைவலிக்குதுன்னு சொன்னா மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி வெளிய காத்துக்குக் கூட்டிட்டு வாங்க.

எல்போவுல இருந்து பின்பக்கம் போற ரப்பர் ஹோஸ் விஷயம் வேற. கடல்தண்ணி பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ஒடைஞ்சு தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் ஓடியிருந்தாலே உள்லேயர் வெந்து உரிஞ்சிடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. கையால அமுக்கிக்கிட்டே போங்க, ஒரு எடத்துல மெத்துன்னு இருந்தா அத்தோட ஹோஸ் முடிஞ்சுது. ஹோஸ இறுக்கிப் புடிக்கிற கிளாம்ப, முகம் பார்க்குற கண்ணாடி வச்சு அடிப்பக்கமும் பாருங்க, துரு அங்கதான் மொதல்ல புடிக்கும். ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு கிளாம்ப் போடுறேன்.

இப்ப வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல, வலை வேலைக்கு முன்னாடி எல்போவக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்து, கரிய சொரண்டி, புது கேஸ்கெட் போட்டுத்தான் மாட்டுறேன். இந்தத் தடவ உள்ள சுத்தமா இருந்துச்சு, ஹோஸ் மட்டும் எல்போ பக்கம் கொஞ்சம் எளகியிருந்துச்சு, மாத்திட்டேன்.