பித்தளைச் செம்பு ஓவியம்: அசலா, கேன்வாஸ் பிரிண்டா?

மதுரையில் புது வீடு கட்டி, கூடத்தில் படம் மாட்ட நினைப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறார்கள். பித்தளைச் செம்பை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியம் பிடித்துவிட்டது. அசலை வாங்குவதா, பிரிண்ட் போதுமா?

விலை: பிரிண்ட் பல மடங்கு மலிவு. இதில் பேச ஒன்றுமில்லை.

பார்வை: வித்தியாசம் இங்கேதான். அசலில் செம்பின் கழுத்தில் மின்னும் ஒளி, தடிமனாக அப்பிய வெள்ளை வண்ணம். பக்கவாட்டில் நின்று பாருங்கள், தூரிகைத் தடம் மேடாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் நகர நகர அதுவும் மாறும். புளி போட்டுத் தேய்த்தும் போகாத அடிக் கறுப்பு, மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக் கொண்டுவந்த நிறம். பிரிண்டில் எல்லாம் ஒரே தட்டை.

ஆயுள்: பிரிண்ட் நேர் வெயிலில் வெளுக்கும், நிறமி மையில் அச்சிட்டது கூடுதலாகத் தாங்கும். அசல் தலைமுறை தாண்டும். ஆனால் அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும் என்பதால் வெளிச்சமே படாத மூலை ஆகாது.

பராமரிப்பு: அசலுக்கு ஈரத்துணி கூடாது, காய்ந்த மென்தூரிகை போதும். புதிதாகத் தீட்டியது என்றால் உள்ளே காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், வார்னிஷ் அப்புறம்தான்.

வாடகை வீடு, மேற்கு வெயில் இறங்கும் சுவர் என்றால் பிரிண்ட் சரி, வெளுத்தாலும் மலிவாக மாற்றிக்கொள்ளலாம். சொந்த வீட்டில், நேர் வெயில் படாத வெளிச்சமான சுவர் இருந்தால், சின்ன அளவானாலும் அசலையே வாங்குங்கள்.