கையிலா, முகத்திலா, எதிரிலா? ஏ.ஆர். மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

நிஜக் காட்சியின் மேலேயே கணினி தரும் படத்தையோ குறிப்பையோ சேர்த்துக் காட்டுவது ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2016 ஜூலையில் வெளியாகி, ஆட்களைப் போனும் கையுமாகத் தெருவில் அலையவிட்ட போக்கிமான் கோ விளையாட்டு. ஆனால் இந்தத் துறைக்குப் பெயர் கிடைத்தது தொழிற்சாலையில்தான். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மிசெல் ஆகியோர், விமானத்துக்கான மின்கம்பிகளைப் பலகையில் வரிசைப்படுத்திக் கட்டும் தொழிலாளியின் கண்ணெதிரிலேயே ‘இந்தக் கம்பி இந்த வழியாக’ என்று காட்டிவிட முடியுமா என்று முயன்றார்கள். வேலையில் மூழ்கியிருப்பவர் வரைபடத்தைத் தேடித் தலையைத் திருப்பக் கூடாது என்பதுதான் அன்றைய தேவை. இன்றைய தேவையும் அதுவே.

அதற்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கையில் பிடிக்கும் போன், முகத்தில் மாட்டும் கண்ணாடி, பொருளின் மீதோ கார் கண்ணாடியிலோ நேராக ஒளியைப் பாய்ச்சுவது. எது நவீனம் என்று பார்த்தால் கண்ணாடிதான் ஜெயிக்கும். வேலைக்கு எது உதவும் என்று பார்த்தால் இரண்டு கேள்விகள் போதும்: வேலை செய்பவரின் கை சும்மா இருக்கிறதா? வேலை ஒரே இடத்தில் நடக்கிறதா?

கை சும்மா இருக்கும் இடம் கடை. அங்கே போனை மிஞ்ச எதுவும் இல்லை. 2017இல் ஏ.ஆர். செயலிகளை உருவாக்க உதவும் ஆப்பிளின் ஏ.ஆர்.கிட் மென்பொருள் வந்தவுடன் மரச்சாமான் நிறுவனமான ஐகியா வெளியிட்ட செயலி, சோபாவை உண்மை அளவில் வீட்டுக் கூடத்தில் வைத்துக் காட்டியது. கேமரா தரையிலுள்ள புள்ளிகள், விளிம்புகள், கறைகளைக்கூட அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறது. போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் கை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் தரை எங்கே என்று போன் கணக்குப் போடுகிறது. ஆகவே கோலமும் கோடும் உள்ள தரையில் சோபா சொன்ன இடத்தில் நிற்கும். பளபளவென்று மெழுகிய வெள்ளைத் தரையிலோ மெல்ல நழுவி, சில சமயம் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். 2020 முதல் சில ஐபோன்களிலும் ஐபேடுகளிலும் வரும் லைடார் உணரி ஒளியை அனுப்பித் தூரத்தை நேரடியாக அளப்பதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் போன் சொல்லும் அளவை நம்பித் திரைச்சீலை வாங்கலாம். அலமாரிக்குப் பலகை அறுக்கக் கூடாது. அதற்கு டேப்பை எடுங்கள்.

உதட்டுச்சாயத்தை முகத்தில் பூசிக் காட்டும் செயலிகளும் இந்த வகைதான். இந்த நுட்பத்தில் பெயர்பெற்ற மாடிஃபேஸ் நிறுவனத்தை லோரியால் 2018இல் விலைக்கு வாங்கியது. உதட்டின் விளிம்பைப் பிசகாமல் பிடிப்பதில் இவை கெட்டிக்காரத்தனமானவை. நிறத்தில்தான் சந்தேகம். அறை விளக்கு மஞ்சளாக இருந்தால் ஒரு நிறம், திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னொரு நிறம். இருபது நிறங்களை மூன்றாகக் குறைக்க உதவும். அந்த மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய உதவாது.

போனின் உண்மையான வெற்றி இவை இரண்டையும்விட மொழிபெயர்ப்பில்தான் என்பேன். 2010இல் வேர்ட் லென்ஸ் என்ற பெயரில் வந்து, 2014இல் கூகுள் கைக்குப் போய், 2015இல் கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குள் சேர்ந்த வசதி அது. புரியாத எழுத்திருக்கும் பலகையின் முன் கேமராவை நீட்டினால், அதே பலகையில் அதே இடத்தில் நமக்குத் தெரிந்த மொழி வந்து உட்காரும். ஐந்து விநாடி வேலை, முடிந்தால் போன் பைக்குள் போய்விடும். போன் வழி ஏ.ஆருக்கு ஏற்ற கால அளவே அதுதான். கூகுள் மேப்ஸ் 2019இல் கொண்டுவந்த லைவ் வியூவைப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, இடமா வலமா என்று விழிக்கும்போது தெருவின் மேலேயே அம்புக்குறி காட்டும். அந்தக் கணத்துக்கு அதைவிட நல்லது இல்லை. அதையே ஏந்திக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தால் கையும் வலிக்கும், கம்பத்திலும் மோதுவோம்.

இரண்டு கையிலும் வேலை இருப்பவருக்குப் போன் உதவாது. அங்கே கண்ணாடி வருகிறது, கூடவே அதன் சோகக் கதையும். 1,500 டாலருக்கு 2013இல் வந்த கூகுள் கிளாஸ், எதிரில் இருப்பவரை ரகசியமாகப் படம்பிடிக்கிறதோ என்ற எரிச்சலைச் சம்பாதித்து, 2015இல் பொதுச் சந்தையிலிருந்து விலகியது. ஆனால் கிடங்குகளில் அது வேறு வாழ்வு வாழ்ந்தது. நெதர்லாந்தில் சரக்கு நிறுவனமான டிஹெச்எல் நடத்திய சோதனையில், பொருள் எடுப்பவருக்கு எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை என்பது கண்ணோரத்தில் தெரிந்தது. பட்டியல் தாளைக் கையில் பிடிக்கும் வேலையே இல்லை. வேலை 25 சதவீதம் திறமையாக நடந்ததாக நிறுவனம் 2015இல் அறிவித்தது. அங்கே காட்டப்பட்டது வெறும் எழுத்தும் எண்ணும்தான், முப்பரிமாண வித்தை எதுவும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் 2023இல் கூகுள் அந்தக் கண்ணாடியின் விற்பனையை நிறுத்திவிட்டது. 3,500 டாலருக்கு 2019இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2க்கும் 2024இல் உற்பத்தி நின்றது.

காரணம் விலை மட்டும் இல்லை. ஹோலோலென்ஸ் 2 எடை 566 கிராம். எட்டு மணி நேர வேலைக்கு அதை நெற்றியில் சுமக்கச் சொல்கிறவர் முதலில் தான் ஒரு நாள் மாட்டிப் பார்க்க வேண்டும். படம் தெரியும் பரப்பும் மூலைக்கு மூலை 52 பாகைதான். தலையைக் கொஞ்சம் திருப்பினால், காட்டப்படும் எஞ்சின் படத்தில் பாதி மறைந்துவிடும். அடுத்தது இயற்பியல். ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடி, வெளியிலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. அதனால் அதில் கறுப்பு நிறமே கிடையாது. போனில் கச்சிதமாகத் தெரியும் கறுப்புச் சோபா இதில் ஆவி மாதிரி நிற்கும். வெயிலில் மொத்தப் படமும் வெளிறிவிடும். 2024இல் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ இந்தச் சிக்கலுக்குப் பயந்து, கேமரா எடுக்கும் காட்சியையே உள்ளே திரையில் காட்டுகிறது. கறுப்பு கிடைத்தது, ஆனால் எடை 600 கிராமைத் தாண்டியது.

இவ்வளவு சொன்னாலும் கண்ணாடிக்கு ஓர் இடத்தை மறுக்க மாட்டேன். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில், திருகு இறங்க வேண்டிய எலும்பு சதைக்குள் மறைந்திருக்கும். ஸ்கேன் படத்தைத் தொலைவிலுள்ள திரையில் பார்ப்பதற்குப் பதில், நோயாளியின் முதுகின் மேலேயே எலும்பைக் காட்டும் எக்ஸ்விஷன் கண்ணாடிக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. பிழைக்கு விலை அதிகம், வேலை சில மணி நேரம், ஒரே நிபுணர்: இந்த மூன்றும் சேர்ந்தால் முகத்துச் சுமை பொறுக்கக்கூடியதே.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததோ அதுதான். ஊசி போட வந்த நர்ஸ் ‘நரம்பே கிடைக்கவில்லை’ என்று கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பது நமக்குப் பழக்கமான காட்சி. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தோலில் பாய்ச்சினால் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும், சுற்றியுள்ள சதை பெரும்பாலும் சிதறடித்துத் திருப்பும். ரத்தக்குழாய் மட்டும் இருண்ட கோடாகக் கேமராவில் பதியும். கருவி அந்தக் கோட்டை அதே இடத்தில், தோலின் மீதே ஒளியால் வரைந்து காட்டுகிறது. நர்ஸ் எதையும் மாட்டவில்லை, பிடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் நோயாளியின் அம்மாவுக்கும் அது தெரிகிறது. ஆழத்தில் ஓடும் குழாய் இதில் சிக்காது, எவ்வளவு ஆழம் என்றும் சொல்லாது. அதற்குக் கைப்பழக்கம்தான்.

விமான பாகங்களுக்குக் கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டும் பட்டறைகளில், அடுத்த துண்டின் விளிம்பை வார்ப்பு அச்சின் மீதே லேசர் கோடிட்டுக் காட்டுகிறது. காரிலும் இதே கதை. 1988இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வேகத்தை முன்கண்ணாடியில் காட்டத் தொடங்கியது, 2020இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் திருப்பத்தின் மேலேயே அம்புக்குறி மிதப்பது வரை வந்துவிட்டது. படம் பல மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல் தெரிவதால் கண் சாலையை விட்டு விலகத் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டால் பல கார்களில் இந்தப் படம் மங்கிவிடும், சிலவற்றில் காணாமலே போகும்.

ஒளி பாய்ச்சும் வழிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. வெளிச்சம் அதிகமானால் மங்கும். குறுக்கே கை வந்தால் நிழல் விழும். மேசையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். கிடங்கில் நடந்துகொண்டே இருப்பவருக்கு இதனால் பயனில்லை. ஓரிடத்தில் நின்று செய்யும் வேலைக்குத்தான் இது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு செலவை விற்பனையாளர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். கருவி ஒரு முறை வாங்குவது. உள்ளே காட்ட வேண்டிய முப்பரிமாண மாதிரிகளும் குறிப்புகளும் பொருள் மாறும்போதெல்லாம் மாற வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் இல்லாத நிறுவனத்தில், போன வருட எஞ்சினின் அம்புக்குறி இந்த வருட எஞ்சினின் தவறான போல்ட்டைக் காட்டும். தாளில் பிழை இருந்தால் சந்தேகப்படுகிறவர்கள்கூடக் கண்ணெதிரில் மிதக்கும் அம்புக்குறியைச் சந்தேகப்படுவதில்லை.

பள்ளிக்கூடம் எதை வாங்கலாம்? தலைக்கொரு கண்ணாடி வாங்கினால் சார்ஜ் போடவும் துடைக்கவுமே பாடவேளை போய்விடும். போனில் இதயத்தைச் சுழற்றிப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகக் குனிந்திருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மணல் தொட்டி இருக்கிறது: மேலே ஆழத்தை அளக்கும் கேமரா ஒன்று, புரொஜெக்டர் ஒன்று. மணலைக் குவித்தால் அது மலையாகி உயரக்கோடுகள் தானாக விழுகின்றன; பள்ளம் பறித்து, மேலே கையை விரித்துப் பிடித்தால் மழை பெய்து நீர் அங்கே ஓடுகிறது. மென்பொருளுக்குக் காசில்லை. ஒரு தொட்டியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நிற்கலாம், சண்டையும் போடலாம். என் பணமாக இருந்தால் இதற்குத்தான் கொடுப்பேன்.