சான்று கேட்டால் சாட்சி தந்தார்கள்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மொழிபெயர்ப்பு நிலையம். தாதியரின் சான்றுசார் நடைமுறை, அதாவது ஆய்வுகள் காட்டும் சான்றை வைத்து நோயாளரைப் பராமரிப்பது, பற்றிய கேள்விக்கொத்தைத் தமிழாக்கக் கொடுத்தேன். மூலம் 2006இல் ஆங்கிலத்தில் வெளியானது. 24 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. நான்கே நாளில் தந்தார்கள், தட்டச்சு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் 'சான்று' என்ற பொருளில் 'எவிடன்ஸ்' வந்த இடமெல்லாம் 'சாட்சி'! வார்டில் வாசிக்கக் கொடுத்தபோது, "ஆருக்கு எதிராச் சாட்சி சொல்லணும், தங்கச்சி?" என்று கேட்டார் ஒரு அக்கா. மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். அதுவும் நீதிமன்றப் படிவம்தான். சில கேள்விகளில் 1, 7 என்ற இரு முனைகளிலும் நிற்கவேண்டிய எதிரெதிர்க் கூற்றுகளையும் ஒரே வசனமாக ஒட்டியிருந்தார்கள். சரி, முகம் சுளிக்காமல் திருத்தினார்கள், மேலதிகக் காசும் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழுக்குப் போகலாம். ஆய்வுக்கென்றால் சொற்பட்டியலோடு போங்கள்.