ஐந்து நட்சத்திர ஒற்றர் நாவலும் காணாமல் போன 16 பக்கங்களும்

போர்க்காலத்தில் தொலைந்த ரகசிய ஆவணம், அதைத் தேடி ஓடும் ஒற்றர்கள் என்று கதை இருந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுகிற ஆட்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நட்சத்திரங்களையும் வாசகர் கருத்துகளையும் பார்த்து அப்படி ஓர் ஆங்கில நாவலை இணையத்தில் வாங்கினேன். கதையும் உருப்படியாகக் கிடைக்கவில்லை, புத்தகமும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. தளத்தின் பெயர், விற்றவர் பெயர், நாவலின் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. விற்பவர்கள் மாதம் ஒரு பெயரில் கடை போடுகிறார்கள், பெயரை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

219 ரூபாய். 4.6 நட்சத்திரம். ஆயிரத்துச் சொச்சம் பேர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். பின்னட்டையின் படத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு வரி: முழுக்க முழுக்க உண்மைச் சம்பவம், 80 ஆண்டுகளாக உலகம் அறியாத ரகசியம். கதைச் சுருக்கத்தில் ‘ஆட்டமெடான்’ என்ற கப்பலின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் போதும் எனக்கு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆட்டமெடான் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். 1940 நவம்பர் 11 அன்று, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த வழியில், சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில் ‘அட்லாண்டிஸ்’ என்ற ஜெர்மானியக் கப்பலிடம் மாட்டியது. அட்லாண்டிஸ் பார்வைக்குச் சாதாரண வணிகக் கப்பல், உள்ளே பீரங்கிகள். குண்டு ஆட்டமெடானின் மேல்தளத்தில் விழுந்து கேப்டனும் சில அதிகாரிகளும் செத்துப்போனார்கள். ஆபத்து வந்தால் ரகசியத் தபாலைக் கடலில் வீச வேண்டியவர்களே இல்லாமல் போனதால் பை கப்பலிலேயே கிடந்தது. தண்ணீர் புகுந்து சட்டென்று மூழ்குவதற்காகவே ஓட்டைகள் வைத்துத் தைத்த பை அது. அதற்குள் சிங்கப்பூரில் இருந்த தூரகிழக்குப் படைத்தலைவர் புரூக்-போபமுக்கு லண்டனிலிருந்து போன அறிக்கை. ஜப்பான் அடித்தால் கிழக்கே அனுப்பக் கையில் போதிய கப்பற்படை இல்லை என்று பிரிட்டனின் முப்படைத் தலைவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட காகிதம். அட்லாண்டிஸின் கேப்டன் ரோகெ, அதற்கு முன் பிடித்து வைத்திருந்த ‘ஓலே ஜேக்கப்’ என்ற நார்வே எண்ணெய்க் கப்பலில் ஏற்றி அதை ஜப்பானுக்கு அனுப்பினார். டிசம்பர் தொடக்கத்தில் கோபே துறைமுகம், அங்கிருந்து டோக்கியோவில் ஜெர்மானியக் கடற்படைத் தூதர் வென்னெக்கர், அப்புறம் ஜப்பானியத் தளபதி கோண்டோ. ரோகெவுக்கு ஜப்பான் ஒரு வாள் பரிசளித்தது.

15 மாதத்தில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது: 1942 பிப்ரவரி 15. அதற்குப் பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கப்பல் பெயரைப் பார்த்ததும் நம்மில் சிலருக்குக் கை தானாகப் போவதற்கு அதுவும் காரணம். அந்த ஒரு பையால்தான் சிங்கப்பூர் போனதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் சம்பவமே வெளியே தெரியாது என்று சொல்வது பச்சைப் பொய். 1980களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

சரி, நாவலுக்கு வருவோம். நாவலில் அந்த ஆவணம் ஜப்பானுக்குப் போகவே இல்லை. ஓலே ஜேக்கப் நீர்மூழ்கிக் கப்பலாகிவிட்டது. பை அதில் மூழ்கி, லண்டனில் ஒரு பேத்தி 80 வருடம் கழித்துத் தேடிக் கிளம்புகிறாள். நாவல்தானே, கற்பனை செய்யட்டும், அதில் எனக்குக் குறையில்லை. கற்பனை என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசகர்கள் சொன்னதுதான் இன்னும் வேடிக்கை. ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவர் “வரலாற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை” என்கிறார். இன்னொருவர், அந்த நீர்மூழ்கிக் காட்சியில் ஆசிரியரின் ஆராய்ச்சி தெரிகிறது என்று உருகியிருக்கிறார். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டவர் கோபமாகக் கேட்கிறார்: “இவ்வளவு பெரிய ரகசியத்தை யாராவது சாதாரணச் சரக்குக் கப்பலில் அனுப்புவார்களா? வாசகனை முட்டாள் என்று நினைத்தாரா?” முழுப் புத்தகத்திலும் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்! பொய்க்கு ஐந்து, உண்மைக்கு ஒன்று.

யோசித்துப் பார்த்தால் அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி விஷயங்களில் நிஜம்தான் மட்டமான கதைபோல இருக்கும். 1940 ஜனவரி 10 அன்று ரைன்பெர்கர் என்ற ஜெர்மானிய மேஜர் மேற்கு முனைத் தாக்குதல் திட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு சின்ன விமானத்தில் போனார். விமானி வழி தவறி பெல்ஜியத்தில் மெக்கலன் பக்கம் கீழே இறங்கிவிட்டார். காகிதங்களை உடனே எரிக்க வேண்டும். மேஜரிடம் தீப்பெட்டி இல்லை. யாரிடமோ வாங்கிப் பற்றவைப்பதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். காவல் சாவடிக்குக் கூட்டிப்போன பிறகு அங்கிருந்த அடுப்புக்குள் காகிதங்களைத் திணித்தார். பெல்ஜிய அதிகாரி கையைச் சுட்டுக்கொண்டு வெளியே இழுத்துவிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், தெற்குத் தரப்புத் தளபதி லீயின் படை எங்கெங்கே பிரிந்து போகிறது என்ற உத்தரவு மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக மேரிலாந்தில் ஒரு வயலில் கிடந்து எதிரிச் சிப்பாயிடம் மாட்டியது. நான்கே நாளில் ஆன்டீட்டம் சண்டை. இதையெல்லாம் ஒரு நாவலில் எழுதிப் பாருங்கள், “லாஜிக் இல்லை” என்று ஒற்றை நட்சத்திரத்தில் போட்டுத் தள்ளிவிடுவார்கள்.

ஆக, இந்த ரகத்தில் “உண்மைபோல இருக்கிறது” என்ற கருத்துக்கு மதிப்பே கிடையாது. கதை விறுவிறுப்பாகப் போகிறதா, மொழி எப்படி, கடைசியில் முடிச்சு அவிழ்கிறதா, இதை வாசகர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வரலாறு சரியா என்பதற்கு ஆசிரியர் பின்னுரையில் எதை எடுத்தேன், எதை மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நல்ல ஒற்றர் நாவல்காரர்கள் பலர் சொல்லிவிடுவார்கள். இதில் பின்னுரையே இல்லை.

நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த கதை. கருத்துகளைத் தளம் தானாக “சிறந்தவை முதலில்” என்று அடுக்குகிறது. “புதியவை முதலில்” என்று மாற்றி, கீழே கீழே இறங்கிப் போனால் பழைய கருத்துகளில் “என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது”, “கிரேயானுக்குத் தாள் தாங்குகிறது”, “யானைப் படம் அழகு”. சிங்கப்பூர் ரகசியத்தில் யானை ஏது? முன்பு அதே பக்கத்தில் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் விற்றிருக்கிறார்கள். படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டு நாவலை ஏற்றியிருக்கிறார்கள். நட்சத்திரம் அப்படியே தங்கிவிட்டது. நாவலைப் பற்றிப் பேசியவர்களிலும் கணிசமானவர்கள் “இலவசப் பிரதி பெற்று எழுதுகிறேன்” என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். போட்டவர்களாவது நேர்மையானவர்கள். போடாதவர்களின் “ஒரே மூச்சில் படித்தேன்” ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது, எழுத்துப்பிழை உட்பட.

இவ்வளவு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஹிட்லரின் நாட்குறிப்பு விவகாரத்தில் அங்கேதான் எல்லோரும் விழுந்தார்கள். 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ஷ்டெர்ன்’ பத்திரிகை, போர் முடிகிற நேரத்தில் விழுந்த விமானத்திலிருந்து மீட்டது என்று சொல்லி அறுபதுக்கும் மேற்பட்ட நாட்குறிப்புப் புத்தகங்களை அறிவித்தது. கொடுத்த விலை 93 லட்சம் மார்க். கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அசல் என்றார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் கொடுத்த ‘அசல்’ மாதிரிகளிலேயே சில, நாட்குறிப்பை எழுதிய அதே கொன்ராட் குயாவ் தயாரித்த போலிகள். போலியைப் போலியோடு வைத்துப் பார்த்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? கடைசியில் மே மாதம் காகிதத்தைச் சோதித்தபோது போருக்குப் பின்னால் புழக்கத்துக்கு வந்த வெளுப்பு ரசாயனம் இருந்தது, கதை முடிந்தது. நட்சத்திரக் கருத்து ஒன்றை இன்னொரு நட்சத்திரக் கருத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். வெளியே ஒரு சான்று வேண்டும்: நூலகத்தில் எடுத்துப் படித்தவர், பெயர் போட்டுப் பத்திரிகையில் மதிப்புரை எழுதியவர், அல்லது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லும் நண்பர்.

இனி புத்தகம் வந்து சேர்ந்த லட்சணம். முதுகைத் திறந்ததும் பசை விட்டது. எழுத்து கறுப்பாக இல்லை, ஜெராக்ஸ் எடுத்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுத்ததுபோலச் சாம்பல். சில பக்கங்களில் வரி சாய்ந்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. தாளின் பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது. பதிப்புரிமைப் பக்கம் இல்லை, பின்னட்டைப் பட்டைக்குறியின் எண்ணைத் தேடினால் வேறு புத்தகம் வருகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு படித்தேன். ஜெர்மானியர்கள் கப்பலில் ஏறி, அறைக் கதவை உடைத்து, பையைக் கையில் எடுக்கிற இடம் 208ஆம் பக்கக் கடைசி வரி. திருப்பினால் 193. மறுபடி 208 வரைக்கும் அதே கதை, அப்புறம் நேரே 225. ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடித்த 16 பக்கக் கட்டு, முழுதாக இல்லை, முந்தின ஃபாரத்தை இரண்டு முறை வைத்துத் தைக்காமல் ஒட்டிவிட்டார்கள். ஆவணத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அந்த 16 பக்கத்தில்தான். தொலைந்த ஆவணம் நிஜமாகவே தொலைந்தது என் வீட்டில்தான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். மறுமுனையில் ஒரு தம்பி.

“சார், புக்கை உள்ளே திறந்து படிச்சிருக்கீங்க. அதனால யூஸ்டு ஐட்டம் ஆயிடுச்சு, ரிட்டர்ன் எடுக்க முடியாது.”

“படிக்காமல் பக்கம் இல்லைன்னு எப்படிப்பா தெரியும்?”

“அது எங்க பாலிசி சார்.”

அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை, எதிரே திரையில் வருவதைத்தான் படிக்கிறார். ஆனால் பாலிசி என்று அவர்கள் சொன்னால் அதோடு முடிந்துவிடாது. 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தானே வாடிக்கையாளர் வேடம் போட்டுக் கருத்து எழுதுவதற்கும் அதே விதியில் தடை. தளத்துக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதிகாரியின் பெயரும் முகவரியும் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். இணையக் கருத்துகளுக்கென்றே 2022இல் ஒரு இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்று வந்ததால் பலன் உங்களுக்கே தெரியும்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தில் போங்கள். 208ஐயும் அடுத்து வரும் 193ஐயும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து, பார்சல் உறையின் சீட்டோடும் ரசீதோடும் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். அங்கும் இழுத்தடித்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணைச் சேர்த்து மறுபடி எழுதிய பிறகுதான் பணம் திரும்பியது, அனுப்பும் கட்டணம் கழித்து. புத்தகம் இன்னும் என்னிடமே இருக்கிறது, எடுத்துப் போக ஆள் வரவில்லை.

நான் எழுதிய ஒற்றை நட்சத்திரக் கருத்து “சமூக நெறிமுறைகளுக்கு உட்படவில்லை” என்று நிராகரிக்கப்பட்டது. அதில் இருந்தது இரண்டு பக்கங்களின் படமும், 209 முதல் 224 வரை இல்லை என்ற ஒரு வரியும்தான். நாவல் அதே அட்டையோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது, விற்பவர் பெயர் மட்டும் வேறு. இப்போது 4.7 நட்சத்திரம், விலை 249.