மயலினை அளக்க எந்த வழி: நீலச் சாயமா, பிறபொருளெதிரியா, இலத்திரன் நுணுக்குக்காட்டியா?

திருகோணமலையில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வுத் திட்டங்களில் "மயலினைப் பார்க்கப்போகிறோம்" என்று ஒரு வரி இருக்கும். மயலின், அதாவது நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை, இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று அளப்பது வேறு. எது வேண்டும் என்பதை இழையத்தைப் பதப்படுத்துவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பரபின் மெழுகில் புதைத்த துண்டைப் பிறகு மனம் மாறி இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அனுப்பினால் உருப்படியான படம் வராது.

மலிவான வழி, மயலினை நீலமாக்கும் லக்சோல் பாஸ்ட் புளூ என்ற சாயம். குளூவரும் பரேராவும் 1953இல் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. வெட்டுகளைச் சாயத்தில் இரவு முழுக்க 56 முதல் 60 பாகை வரை சூட்டில் வைக்க வேண்டும். கரைசலில் மதுசாரம் இருப்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நடு இரவில் மின்சாரம் போனால் காலையில் நிறம் வெளிறியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மிகையான நீலத்தை இலிதியம் காபனேற்றிலும் 70% மதுசாரத்திலும் கழுவி எடுப்பது. எப்போது நிறுத்துவது என்பது கண்ணையும் கையையும் பொறுத்தது. ஆகவே வெவ்வேறு நாளில் சாயமிட்ட வெட்டுகளின் நீலச் செறிவை எண்ணாக்கி ஒப்பிடுவதை நான் நம்பமாட்டேன்.

மயலினில் உள்ள எம்.பி.பி. (மயலின் அடிப்படைப் புரதம்) என்ற புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரி இதைவிடக் கூர்மையானது. மெல்லிய நார்களும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் விலை அதிகம், குளிர் கெடாமல் வந்து சேரவும் வேண்டும். சிதைந்து கிடக்கும் மயலின் துணுக்குகளும் நிறமேறலாம் என்பதை மறக்கக்கூடாது. அரைத்த இழையத்தின் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் புளொட், அந்தப் புரதம் மொத்தத்தில் எவ்வளவு என்று சொல்லும். இழையத்தை அரைத்துவிடுவதால் எந்த இடத்தில் குறைந்தது என்று சொல்லாது.

இலத்திரன் நுணுக்குக்காட்டி ஏன் தேவை என்பது மயலினை இழக்கச் செய்யும் குப்ரிசோன் என்ற வேதிப்பொருளைக் கொடுத்த எலியில் நன்றாக விளங்கும். தீனியில் 0.2% குப்ரிசோன் கலந்து ஐந்தாறு வாரம் கொடுத்தால், மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்க்கற்றை மயலினை இழக்கும். நிறுத்தினால் மயலின் திரும்பும். நீலச் சாயமும் திரும்பும், பார்ப்பவர் குணமாகிவிட்டது என்பார். உண்மையில் புது உறை பழையதைவிட மெல்லியது. அதைக் காட்டுவது ஜி விகிதம்: நரம்பிழையின் விட்டத்தை உறையோடு சேர்ந்த விட்டத்தால் வகுப்பது. உறை மெலிந்தால் விகிதம் ஏறும். உறையே இல்லாவிட்டால் 1.

அப்புறம், பிசினில் புதைத்து ஒரு மைக்ரோமீற்றர் அளவில் வெட்டித் தொலுயிடின் நீலமிட்டால் சாதாரண நுணுக்குக்காட்டியே போதுமே என்பார்கள். தொடை நரம்பின் பெரிய நார்களுக்குச் சரி. மேலே சொன்ன நார்க்கற்றையில் பல நார்கள் ஒரு மைக்ரோமீற்றரைவிட மெல்லியவை, அங்கே அது கைகொடுக்காது.

என் தெரிவு: எல்லா விலங்குக்கும் லக்சோலும் எம்.பி.பி.யும். கூடவே, இழையத்தை நிலைப்படுத்தும் பரபோமல்டிகைட் செலுத்திய மூளையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் துண்டு ஒன்றை உடனே எடுத்து இன்னும் வலுவாக நிலைப்படுத்தும் 2.5% குளூட்டரல்டிகைட்டில் போட்டு, ஒஸ்மியமிட்டுப் பிசினில் புதைத்துவிடுங்கள். முழு மூளையையும் குளூட்டரல்டிகைட்டில் போட்டால் பிறபொருளெதிரி வேலை கெடும். பிசின் கட்டிக்குக் குளிர்பெட்டி தேவையில்லை, ஆண்டுக்கணக்கில் இருக்கும்; இலத்திரன் நுணுக்குக்காட்டி உள்ள இடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் பொதி செய்து அனுப்பலாம்.