கடன் வாங்கிப் பட்டமா, சம்பளத்தில் பட்டமா?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குப் போனேன். பட்டப்படிப்பை மாலை வகுப்பில், சம்பளத்திலிருந்தே கட்டணம் கட்டி முடித்தேன். என் தங்கை கல்விக்கடன் எடுத்து முழுநேரக் கல்லூரியில் படித்தாள். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவன் என்றாலும் நான் நடுநிலையாளன் அல்ல. என் சாய்வு நான் போன வழிக்குத்தான்.

பட்டம் தேவையா என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆளின் திறமையை முன்கூட்டி அளக்க முடியாத முதலாளிக்குப் பட்டம் ஓர் அடையாளக் குறியாகப் பயன்படுகிறது என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே விளக்கிவிட்டார். பட்டம் இல்லாத விண்ணப்பத்தைப் பல இடங்களில் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே பட்டம் வேண்டும். அதை எந்தப் பணத்தில் வாங்குவது என்பதுதான் சிக்கல்.

முழுநேரக் கல்லூரியின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஆய்வகம், நூலகம், சக மாணவர்களின் நட்பு, சீக்கிரம் முடியும் படிப்பு. மாலை வகுப்பில் உடல் சோர்ந்துவிடும், ஆண்டுகள் நீளும். என்னோடு சேர்ந்த பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். இவ்வளவு இருந்தும் என் சாய்வு மாறாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி.

தவணை தொடங்கும்வரை கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அரசோ வேறு யாரோ வட்டியை ஏற்றுக்கொள்ளாத கடனில் அது முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 என்று நான்கு ஆண்டுகளில் 100 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம், ஆண்டுதோறும் அசலோடு சேர்கிறது. படிப்பு முடியும்போது கடன் 127-ஐத் தாண்டிவிடும். வேலை தேட ஓராண்டு அவகாசம் கொடுத்தால் 140. அதைப் பத்தாண்டு மாதத் தவணையில் அடைத்தால் மொத்தம் சுமார் 222 கட்டியிருப்போம்.

தங்கையின் கடன் கணக்கு அறிக்கையை இருவரும் சேர்ந்து பார்த்த மாலை நினைவிருக்கிறது. ஒவ்வொரு தவணையிலும் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருந்தது. "மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேனே அண்ணா, அசல் ஏன் அப்படியே நிற்கிறது?" என்று விரலால் அந்தப் பத்தியை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே கேட்டாள். அவள் நன்றாகப் படித்தவள், நல்ல வேலையிலும் இருந்தாள். ஆனால் அந்தத் தவணைக்குப் பயந்து, பிடிக்காத வேலையை விட முடியாமல் இருந்தாள். அதே வயதில் நான் இரண்டு முறை வேலை மாறியிருந்தேன். எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது வட்டித் தொகையைவிட இந்தச் சுதந்திரம்தான். படிப்பைப் பாதியில் விட்டவருக்கோ பட்டமும் இல்லை, கடன் மட்டும் மிச்சம்.

எல்லாக் கடனும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே திருப்பிக் கட்டத் தொடங்கினால் போதும். அப்படிப்பட்ட கடன் என்றால் என் வாதத்தின் பாதி விழுந்துவிடும். மருத்துவம் போன்ற படிப்புகளை மாலை வகுப்பில் முடிக்க வழியில்லை; அங்கே என் அனுபவம் உதவாது. சம்பளத்தில் மிச்சம் பிடிக்கவே முடியாத குடும்பச் சுமை உள்ளவருக்கும் என் வழியை அடித்துச் சொல்லத் தயங்குகிறேன்.

கடன் எடுத்தே தீர வேண்டும் என்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவர அனுமதி உண்டா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். மேலே சொன்ன அதே கணக்கில், படிக்கும் காலத்திலும் வேலை தேடும் ஓராண்டிலும் அப்படிக் கட்டினால், அந்த வட்டியையும் சேர்த்தே 222 என்பது ஏறக்குறைய 194 ஆகக் குறைகிறது. பகுதிநேர வேலையில் வரும் சிறு வருமானத்தை இதற்கு ஒதுக்கினாலே போதும்.